புரதம் திரியாமல் இருக்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "பாக்டீரியாவை வளர்த்து, அதை உடைத்து, உள்ளே அது செய்துவைத்த நொதியைப் பிரித்தெடுப்பதுதான் 31 வருடம் என் பிழைப்பு." அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த மாதம் முழுக்க அதுவே. பெயர் போடாதீர்கள் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

நொதி என்றால் வயிற்றில் சுரப்பது, பப்பாளிப் பாலில் இருப்பது என்றுதான் படித்தோம். இருக்கிற இடத்திலிருந்தே எடுக்காமல், பாக்டீரியாவுக்குள் ஏன் செய்ய வேண்டும்? – ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

தாராளமாக எடுக்கலாம் ஐயா. பப்பெயினை இன்றும் பச்சைப் பப்பாளிக் காயைக் கீறி, வடிகிற பாலைக் காயவைத்துத்தான் எடுக்கிறார்கள். மலிவாக, நிறையக் கிடைக்கும்போது யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஆனால் சீஸ் செய்யப் பாலை உறையவைக்கும் கைமோசினைப் பாருங்கள். அதற்குப் பால்குடி மறக்காத கன்றின் நான்காவது வயிறு வேண்டும். கன்றைக் கொன்றுதான் எடுக்க முடியும். அந்தக் கைமோசினுக்கான ஜீனை நுண்ணுயிருக்குள் வைத்து அங்கே செய்துகொள்ள அமெரிக்காவில் 1990இல் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே, 1982இல், பாக்டீரியாவில் செய்த மனித இன்சுலின் மருந்துக் கடைக்கு வந்துவிட்டது. அது நொதி இல்லை, ஹார்மோன். ஆனால் செய்முறை அதே.

ஆய்வகங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் சுமார் 70 டிகிரியில் வாழும் ஒரு பாக்டீரியாவைத் தாமஸ் பிராக் என்பவரும் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற அவருடைய மாணவரும் கண்டுபிடித்து 1969இல் பெயர் வைத்தார்கள்: தெர்மஸ் அக்வாட்டிகஸ். டிஎன்ஏவை நகல் எடுக்கும் அதன் நொதிதான் டாக் பாலிமரேஸ். கொதிக்கும் சூட்டிலும் சட்டென்று சாகாது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் அந்த பிசிஆர் பரிசோதனையே இந்த நொதியின் புண்ணியத்தில் நடந்ததுதான். ஆனால் அந்த வெந்நீர்ப் பிராணியை வளர்ப்பது சிரமம், நொதியும் கொஞ்சம்தான் தரும். அதன் ஜீனை மட்டும் வெட்டி, நம் சொல் கேட்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டால் ஒரே ராத்திரியில் குடுவை நிறைய வேலை முடிந்துவிடும். ஒரு உயிரின் ஜீனை வெட்டி இன்னொன்றில் ஒட்டுவதால்தான் "மறுசேர்க்கை" என்கிறார்கள்.

ஜெல்லில் என் புரதம் தடித்த பட்டையாகத் தெரிகிறது. ஆனால் செல்லை உடைத்து சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் அத்தனையும் அடியில் பெல்லெட்டில் போய்விடுகிறது. மேலே தெளிவில் ஒன்றுமே இல்லை. 37 டிகிரி, 1 மில்லிமோலார் ஐபிடிஜி, 4 மணி நேரம். கைடு "வேறு ஜீன் பார்" என்கிறார். – எம்.எஸ்சி மாணவி, திருநெல்வேலி

வேறு ஜீன் பார்க்காதேம்மா, இப்போதைக்கு.

மற்றவர்களுக்காக ஒரு நிமிடம். புரதங்களை அளவுப்படி பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டுவது ஜெல். குழாயை வேகமாகச் சுற்றும் கருவி சென்ட்ரிஃப்யூஜ், அப்போது அடியில் படிவது பெல்லெட். நம் ஜீனைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏவுக்கு பிளாஸ்மிட் என்று பெயர். அதை பிஎல்21 டிஇ3 என்ற ஈ.கோலை ரகத்துக்குள் வைக்கிறோம். ஸ்டுடியரும் மொஃபாட்டும் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 1986இல் உருவாக்கிய ஏற்பாடு இது. இன்றைக்கும் உலகம் முழுக்க மாணவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். ஐபிடிஜி என்ற வேதிப்பொருளைப் போட்டால் பாக்டீரியாவுக்குள் ஒரு சுவிட்ச் திறக்கும். அதன் பிறகு அது வேறு வேலையை விட்டுவிட்டு நம் புரதத்தையே செய்துகொண்டிருக்கும்.

சிக்கலும் அங்கேதான். புரதம் நீளமான சங்கிலியாகப் பிறக்கிறது. பிறந்தபடியே தனக்கான வடிவத்தில் மடங்க வேண்டும். மடங்கினால்தான் அது நொதி. மடங்காவிட்டால் வெறும் பிசின். இடியாப்பம் பிழியும்போது கையை ஓட்டாமல் ஒரே இடத்தில் வேகவேகமாகப் பிழிந்து பாருங்கள், இழை இழையாக விழாது, கொழுக்கட்டை போலத் திரண்டுவிடும். 37 டிகிரியில் முழு ஐபிடிஜி போட்டால் பாக்டீரியாவுக்குள் நடப்பது ஏறக்குறைய அதுதான். அந்தத் திரளைத்தான் இன்க்ளூஷன் பாடி என்கிறோம். உன் பெல்லெட்டில் இருப்பதும் அநேகமாக அதுதான்.

"அநேகமாக" என்று ஏன் சொல்கிறேன் என்றால், முதலில் செல் உடைந்ததா என்று பார்க்க வேண்டும். உடையாத செல்லும் பெல்லெட்டில்தான் போகும். அதற்குள் நல்ல புரதம் பத்திரமாக உட்கார்ந்திருக்கலாம். ஒலியதிர்வால் செல்லை உடைக்கும் சோனிகேட்டரில் வைத்த பிறகு குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். மோர் மாதிரி கலங்கலாக இருந்தது நீராகாரத் தெளிவுக்கு வர வேண்டும். சுற்றி எடுத்த பெல்லெட்டையும் பார். பழுப்பாக, வழவழவென்று ஒட்டினால் உடையாத செல் நிறைய இருக்கிறது. வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகியிருந்தால் இன்க்ளூஷன் பாடி. என் முதல் வருடம், பழுப்புப் பெல்லெட்டை இன்க்ளூஷன் பாடி என்று நம்பி மூன்று மாதம் ஓட்டினேன். சோனிகேட்டரின் நுனி தேய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

சோனிகேட்டரைப் பற்றி இன்னொன்று. குழாய் ஐஸில் புதைந்திருக்க வேண்டும். 10 விநாடி ஓட்டு, 20 விநாடி நிறுத்து. நுரை வந்தால் உடனே நிறுத்து. முட்டை வெள்ளைக்கருவை அடித்தால் நுரைத்து விறைக்குமே, அதுவும் புரதம் திரிவதுதான். உன் நொதிக்கும் அதே கதிதான் நேரும்.

செல் நன்றாக உடைந்திருக்கிறது, அப்படியும் எல்லாம் பெல்லெட்டில் என்றால், அவசரத்தைக் குறை. ஓடி (பாக்டீரியா எவ்வளவு வளர்ந்தது என்று காட்டும் கலங்கல் அளவு) 0.6 வந்ததும் குடுவையை 20 நிமிடம் ஐஸில் வை. அப்புறம் 0.1 மில்லிமோலார் ஐபிடிஜி, 18 டிகிரி, ராத்திரி முழுக்க. எங்கள் ஆய்வகத்தில் குளிர்ச்சியில் குடுவையை ஆட்டும் ஷேக்கர் வாங்கப் பல வருடம் பணம் இல்லை. கருவி அறையில் ஏசியை 18இல் வைத்து, கதவிடுக்கில் பழைய துணியைத் திணித்து, சாதாரண ஷேக்கரை அதற்குள் ஓட்டினோம். உள்ளே 21க்குக் கீழே ஒருநாளும் போகவில்லை. அதுவே போதுமாக இருந்தது. 37இல் முழுக்கப் பெல்லெட்டில் போன ஒரு பூஞ்சை நொதி, அந்த அறையில் பாதிக்குப் பாதி மேலே வந்தது. காலையில் ஏசியை அணைக்க வந்த காவலாளி, ராத்திரி முழுக்க யாருக்கு ஏசி போட்டிருந்தது என்று கேட்பார். பாக்டீரியாவுக்கு என்றால் சிரிப்பார்.

அப்படியும் வரவில்லையா? உன் புரதத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமில ஜோடிகள் கைகோத்து நிற்கும் பிணைப்பு இருக்கிறதா என்று பார். சாதாரண ஈ.கோலையின் உட்புறத்தில் அந்தப் பிணைப்பு உண்டாகாது. அதற்கென்றே மாற்றிய ரகங்கள் உண்டு. அல்லது நன்றாகக் கரையும் வேறொரு புரதத்தோடு ஒட்டிச் செய்யலாம். கடைசி வழி, 8 மோலார் யூரியாவில் திரளைக் கரைத்து, யூரியாவை மெல்ல மெல்ல விலக்கி மறுபடி மடங்கவிடுவது. ரிபோநியூக்ளியேஸ் என்ற சின்ன நொதி இப்படித் தானாகவே பழைய வடிவத்துக்குத் திரும்புவதைக் காட்டியவர் ஆன்ஃபின்சன். 1972இல் நோபல் வாங்கினார். சின்னப் புரதத்துக்கு இது சரிவரும். பெரியதாக, பல துண்டு சேர்ந்ததாக இருந்தால் ஆறு மாதம் போய்விடும். அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு வேண்டுமானால் கைடு சொல்வதைக் கேள்.

புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்க முடியும், எதில் முடியாது என்று 1963இல் கணக்குப் போட்டுக் காட்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான். ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் போட்ட அந்தப் படம் இல்லாமல் இன்றும் எந்தப் புரத வடிவமும் வெளியாவதில்லை. கிண்டி பக்கம் போனால் நினைத்துக்கொள்.

நிக்கல் காலம் ஒரே நாளில் வெள்ளையாகிவிட்டது. புதிதாக இன்னொன்று போட்டோம், அது காப்பிக் கலராகிவிட்டது. சப்ளை செய்தவர் மேல் சந்தேகமாக இருக்கிறது. – லேப் டெக்னீஷியன், ஓசூர்

சப்ளை செய்தவர் மேல் தப்பில்லை. காலம் என்பது ஆங்கில 'column', புரதத்தைப் பிரித்தெடுக்க நிக்கல் ஏற்றிய மணிகளை அடைத்த குழாய். புரதத்தின் வாலில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறு சேர்த்து வைப்போம். நிக்கலைக் கண்டால் அது பிடித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் ஓடிவிடும். காலத்தின் நீலப்பச்சை நிறம் அந்த நிக்கலுடையது. வெள்ளையானால் நிக்கல் போய்விட்டது, அதாவது உங்கள் பஃபரில் (பிஹெச் மாறாமல் வைக்கும் கரைசலில்) உலோகத்தைப் பிடுங்கிக்கொள்ளும் ஈடிடிஏ இருக்கிறது. "நான் போடவில்லையே" என்பீர்கள். புரதத்தைத் தின்னும் புரோட்டியேஸ்களைத் தடுக்க ஒரு மாத்திரை போட்டிருப்பீர்கள். அந்த டப்பாவின் லேபிளைப் படியுங்கள். ஈடிடிஏ உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை வருகிறது. காப்பிக் கலர் என்றால் டிடிடி, புரதம் ஆக்சிஜனேற்றம் ஆகாமல் இருக்கப் போடுவது. அது நிக்கலைக் கெடுத்துவிடும். வேண்டுமானால் அதே வேலை செய்யும் மெர்காப்டோஎத்தனால் கொஞ்சம் போடுங்கள், பெரும்பாலான காலங்கள் தாங்கும்.

காலத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ஈடிடிஏவால் மிச்ச நிக்கலையும் கழுவி, நன்றாகத் தண்ணீர் விட்டு, 100 மில்லிமோலார் நிக்கல் சல்பேட் ஓட்டினால் நிறம் திரும்பும். ஆனால் அந்த நிக்கல் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. தனி கேனில் சேர்த்துக் கழிவு எடுக்க வருகிறவர்களிடம் கொடுங்கள்.

கரன்ட் போனால் இந்த நொதிகளை எப்படிக் காப்பாற்றுவீர்கள்? – பள்ளி ஆசிரியை, விருதுநகர்

2012இல் நம் பக்கம் கரன்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜெனரேட்டர் இருந்தது, டீசலுக்குக் காசு இல்லை. மைனஸ் 20 ஃப்ரீசரில் சில லட்சம் ரூபாய்க்கு நொதி.

குல்ஃபி வண்டிக்காரர் கற்றுக்கொடுத்த வழியில் தப்பித்தோம். அவர் பானையில் ஐஸோடு கல்லுப்பைப் போட்டு அடைத்திருப்பார். வெறும் ஐஸ் பூஜ்ஜியத்தில் நிற்கும். உப்பும் ஐஸும் சரியாகக் கலந்தால் மைனஸ் 21 வரைக்கும் இறங்கும். மீன் மார்க்கெட்டில் ஐஸ் பார் வாங்கி, சாக்கில் போட்டு உலக்கையால் உடைத்து, கல்லுப்போடு பெரிய தெர்மகோல் பெட்டியில் அடைத்தோம். நடுவில் நொதி டப்பா. ஆட்டோக்காரர் "லேபில் என்ன மீனா வைக்கிறீங்க" என்று கேட்டார்.

பொதுவாக, வாங்கி வரும் நொதிகள் 50 சதவீதம் கிளிசராலில் இருக்கும். மைனஸ் 20இல் அது உறையாது, குளிர்ந்த தேன் போலக் குழைவாக நிற்கும். உறைந்து உருகி, உறைந்து உருகித்தான் பல புரதம் சாகிறது. கிளிசரால் அதைத் தவிர்க்கிறது. அதே காரணத்துக்காகத்தான் வீட்டு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள் என்கிறோம். பனிக்கட்டி சேராமல் இருக்க அது அவ்வப்போது தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். நாமே செய்த நொதியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவைத்து, மைனஸ் 80இல் வைப்போம். ஒரு குழாயை ஒருமுறைதான் உருக்குவது. மிச்சத்தைத் திரும்ப வைக்கும் கருமித்தனம் கூடாது.

அந்த வருடம் டாக் பாலிமரேஸ் கவலையே வைக்கவில்லை. டிஎன்ஏவை ஒட்டும் லிகேஸ் மட்டும் வேலை செய்யவில்லை என்று எல்லோரும் அழுதோம். கடைசியில் பார்த்தால் லிகேஸ் உயிரோடுதான் இருந்தது. உருகி உறைந்து பாழானது அதோடு வந்த பஃபரில் இருந்த, லிகேஸுக்கு ஆற்றல் தரும் ஏடிபி. பஃபரையும் சின்னச் சின்னக் குழாயில் பிரித்து வையுங்கள்.

டாக் பாலிமரேஸை வெளியிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. சின்ன நிறுவனம் நடத்துகிறோம். நாங்களே செய்துகொள்ளலாமா? – கோயம்புத்தூர்

செய்யலாம். மறுசேர்க்கை நொதியில் இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. தப்பு செய்தாலும் மன்னிக்கும்.

காரணம் அதன் சூடு தாங்கும் குணம். இண்டக்‌ஷன் (ஐபிடிஜி போட்டுப் புரதம் செய்யவைப்பது) முடிந்த ஈ.கோலையைச் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்து, லைசோசைம் போட்டுச் செல்சுவரைத் தளர்த்தி, கொஞ்சம் ட்வீன் போன்ற டிடர்ஜென்ட் கலந்து, 75 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். சில நிமிடத்திலேயே குழாய்க்குள் பால் திரிவது தெரியும். முதலில் மங்கலாகும், அப்புறம் வெள்ளைத் துணுக்குகள், அப்புறம் தயிர்க்கட்டி. அத்தனையும் ஈ.கோலையின் புரதங்கள். வேறெந்த நொதிக்கும் நாம் பயப்படும் காட்சியை இதில் மட்டும் சந்தோஷமாகப் பார்க்கலாம். திரியாமல் தெளிவில் நிற்பது டாக். சுற்றி, தெளிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எளிய முறை 1990களின் தொடக்கத்திலேயே ஆய்விதழ்களில் வந்துவிட்டது.

அடுத்தது அம்மோனியம் சல்பேட். 100 மில்லிக்கு 30 கிராம். கிளறிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். நொதி வீழ்படிவாகும். இங்கேதான் புதியவர்கள் கோட்டை விடுவார்கள். சுற்றிய பிறகு அடியில் கொஞ்சம்தான் இருக்கும். டிடர்ஜென்டோடு ஒட்டிக்கொண்டு மேலே பாலாடை மாதிரி மிதப்பதும், குழாய்ச் சுவரில் அப்பியிருப்பதும்கூட நொதிதான். "அடியில்தானே வீழ்படிவு" என்று மேலே இருந்ததை நான் ஒருமுறை சிங்கில் ஊற்றிவிட்டு, அடியில் இருந்ததை வைத்து பிசிஆர் போட்டு, ஒன்றும் வராமல் உட்கார்ந்திருந்தேன். மெல்லிய ஸ்பேட்டுலாவால் இரண்டையும் வழித்தெடுங்கள்.

அதைப் பஃபரில் கரைத்து, உப்பும் தண்ணீரும் ஊடுருவும், நொதி வெளியேறாத டயாலிசிஸ் பையில் கட்டும்போது பையில் பாதி இடத்தைக் காலியாக விடுங்கள். உள்ளே உப்பு அதிகம் இருப்பதால் வெளியிலிருந்து தண்ணீரை இழுக்கும். இடம் இல்லாவிட்டால் ராத்திரியில் பை வெடித்து, காலையில் இரண்டு லிட்டர் பஃபரில் உங்கள் நொதி கரைந்திருக்கும். கிளிப் வாங்கக் காசில்லாத காலத்தில் பூக்கட்டும் முடிச்சுதான் போடுவேன், மேலே இரண்டு கீழே இரண்டு. இன்றுவரை ஒன்றும் அவிழ்ந்ததில்லை. கடைசியாக 50 சதவீதம் கிளிசரால் உள்ள பஃபருக்கு மாற்றினால் பை சுருங்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எவ்வளவு கிடைத்தது என்று பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. கடையில் வாங்கிய நொதியைப் பக்கத்தில் வைத்து, உங்களுடையதைப் பாதி, கால், அரைக்கால் என்று நீர்த்துக்கொண்டே போய் அதே பிசிஆரில் ஓட்டுங்கள். எந்த நீர்ப்பில் பட்டை கடைசியாகத் தெளிவாக வருகிறதோ அதிலிருந்து கணக்குப் போடலாம். நீர்க்காமல் நேராகப் போட்டால் பட்டை வராது, வெறும் இழுவல்தான் வரும். நொதி அதிகமானாலும் கெடுதல்தான். பாக்டீரியா வளர்த்த ஒரு லிட்டர் கல்ச்சரிலிருந்து பல ஆயிரம் பிசிஆருக்குத் தாராளமாக வரும்.

இரண்டு எச்சரிக்கை. இப்படிச் செய்த நொதியில் ஈ.கோலையின் டிஎன்ஏ மிச்சமிருக்கும். பாக்டீரியாவைக் கண்டறியும் பிசிஆருக்கு அதைப் பயன்படுத்தினால், மாதிரியே போடாத குழாயிலும் பட்டை வரும். அப்புறம் உங்களைப் பிடித்து உலுக்கும் சட்ட விஷயம். டாக், பிசிஆர் உரிமைகளை சீட்டஸ் நிறுவனத்திடமிருந்து ஹாஃப்மன் லா ரோஷ் 1991இல் 30 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த அடிப்படைக் காப்புரிமைகள் இன்று காலாவதியாகிவிட்டன. ஆனால் மாற்றியமைத்த புதிய ரகங்களுக்கும், நீங்கள் எடுத்துக்கொள்ளும் பிளாஸ்மிட்டுக்கும் தனி நிபந்தனைகள் இருக்கலாம். உங்கள் ஆய்வகத்துக்குள் வைத்துக்கொள்வது வேறு, நோய் கண்டறியும் கிட்டில் போட்டு விற்பது வேறு. பின்னதற்கு 2017ஆம் வருட மருத்துவக் கருவிகள் விதிகளின் கீழ் உரிமம் வேண்டும். வக்கீலைப் பார்த்துவிட்டுக் குடுவையை எடுங்கள்.

என் மகள் லேபில் ஈ.கோலையோடு வேலை செய்கிறாள். அது வயிற்றுப்போக்கு கிருமியாயிற்றே? வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. – அம்மா, நாகர்கோவில்

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பெயர்தான் ஒன்று. ஈ.கோலையில் கெட்டதும் உண்டு, நம் குடலிலேயே சும்மா இருப்பதும் உண்டு. ஆய்வகத்தில் அதிகம் புழங்கும் கே-12 என்ற ரகம் 1922இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியின் மலத்திலிருந்து எடுத்தது. அன்றிலிருந்து சோறு போட்டு வளர்த்து வளர்த்து, வெளியே போய்ப் பிழைக்கும் சாமர்த்தியமே அதற்கு இல்லாமல் போய்விட்டது. பிஎல்21 வேறு பரம்பரை, அதுவும் சாது.

அதற்காக அலட்சியம் வேண்டாம். அதன் பிளாஸ்மிட்டில் ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் ஜீன் இருக்கும். அதனால் மிச்சக் கல்ச்சரை அப்படியே சாக்கடையில் விடக்கூடாது. ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வேகவைத்துத்தான் கொட்ட வேண்டும். மறுசேர்க்கை வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் உயிரிப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்பது 1989ஆம் வருட விதி. உங்கள் மகளிடம் கேளுங்கள், அந்தக் குழுவின் பலகை எங்கேயாவது மாட்டியிருக்கும்.

உண்மையைச் சொன்னால் நான் பயந்தது பாக்டீரியாவுக்கு இல்லை. ஜெல் ஊற்றும் அக்ரிலமைடுக்கு, உறைவதற்கு முன் அது நரம்பைத் தாக்கும் விஷம். புரோட்டியேஸைத் தடுக்கப் போடும் பிஎம்எஸ்எஃப் பொடிக்கு. திரவ நைட்ரஜனில் போட்டெடுத்த மூடிய குழாய்க்கு, உள்ளே நைட்ரஜன் புகுந்திருந்தால் வெளியே எடுத்ததும் வெடிக்கும். மகள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கழுவிய பிறகுதான் போனைத் தொடுகிறாளா என்று மட்டும் பாருங்கள்.

ஜெல்லில் ஒரே பட்டை, அவ்வளவு சுத்தம். ஆனால் நொதி வேலை செய்யவில்லை. – ஆராய்ச்சி மாணவர், புதுச்சேரி

ஜெல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓட்டும் முன் புரதத்தைக் கொதிக்கவைத்து வடிவத்தை அழித்துவிடுகிறோம். உயிருள்ளதும் செத்ததும் அதில் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

நான் முதலில் கேட்பது, டிரிஸ் பஃபரின் பிஹெச்சை எங்கே பார்த்தீர்கள்? மேசையில் 25 டிகிரியில் 8.0 வைத்த பஃபர், 4 டிகிரி குளிர் அறைக்குள் போனதும் கிட்டத்தட்ட 8.6 ஆகிவிடும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.03 நகரும். சோதனையை 60 டிகிரியில் செய்தால் மறுபக்கம் 7க்கு இறங்கிவிடும். எந்தச் சூட்டில் பயன்படுத்துகிறீர்களோ அந்தச் சூட்டில் பிஹெச் வையுங்கள். இரண்டாவது, உங்கள் நொதிக்கு மக்னீசியமோ துத்தநாகமோ தேவையா? சுத்தம் செய்யும் வழியில் ஈடிடிஏ எங்கேயாவது அதைத் திருடியிருக்கும். மூன்றாவது, காலத்திலிருந்து கழற்ற விட்ட 250 மில்லிமோலார் இமிடசோலோடு அப்படியே சோதனைக்குப் போய்விட்டீர்களா? புரதத்தை அளக்கும் 280 நானோமீட்டரில் இமிடசோலும் ஒளியை உறிஞ்சும், அதனால் புரத அளவும் பொய்யாகக் கூடுதலாகக் காட்டியிருக்கும். முதலில் டயாலிசிஸ் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். குழாயை வேகமாகக் குலுக்கும் வோர்டெக்ஸில் வைத்து நுரைக்க ஆட்டினீர்களா?

கூமாசி புளூ சாயம் துணியில் பட்டுவிட்டது. எப்படி எடுப்பது? – எம்.எஸ்சி மாணவி, சேலம்

கானா நாட்டில் குமாசி என்று ஒரு ஊர். 1896இல் பிரிட்டிஷார் பிடித்த ஊர். அந்தப் பெயரைத்தான் ஆங்கிலேயர் கம்பளிச் சாயத்துக்கு வைத்தார்கள். கம்பளி புரதம், அதனால் நன்றாகப் பிடித்தது. ஜெல்லில் உள்ள புரதமும் புரதம்தானே என்று பிறகு யாரோ ஆய்வகத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

உங்கள் துணி பருத்தி என்றால் தப்பித்தீர்கள். ஸ்பிரிட்டும் வினிகரும் கலந்து ஊறவைத்து, டிஷ்யூ பேப்பரால் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஜெல்லில் நிறம் இறக்குவதும் இதே வழிதான். ஒரே நாளில் போகாது, நாலைந்து தடவை ஆகும். பட்டு என்றால் விட்டுவிடுங்கள். பட்டும் புரதம், அது சாயத்தை விடாது. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நேராக லேபுக்கு வந்து "ஐந்து நிமிஷ வேலைதானே" என்று ஜெல்லை எடுத்தேன். என் அரக்குப் பட்டின் முந்தானையில் மூன்று பொட்டு. கொசுவம் மடித்துத் தோளில் பின் குத்தினால் வெளியே தெரியாது.